நெருப்புக்குக் காவல் நின்றவர்

“டெஸ், சுத்தி வளைக்காம சொல்லு. அவரு குடிச்சிருக்காரா?”

ரெனே அத்தை போனில் இப்படித்தான் கேட்டாள். செப்டம்பர் முதல் திங்கள், எங்கள் நாட்டில் தொழிலாளர் தின விடுமுறை. வெளியே மழை. நான் எங்கள் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம், கராஜில், அவளுடைய கணவர் லைல் மாமா நாற்காலியில் சாய்ந்து கிடந்தார். அவர் குடித்துவிட்டார் என்று என் அப்பா சொன்னார். குடிக்கவில்லை என்று மாமாவே சொல்லியிருந்தார். இருவர் பேச்சையும் சிறு வயதிலிருந்து நம்பி வளர்ந்தவள் நான். எது உண்மை என்று அன்று எனக்குத் தெரியவில்லை.

இப்போது தெரியும். ஆனால் இப்போது எங்கள் ஊரில் யாரும் கேட்பதில்லை. தங்களுக்கு ஏற்கெனவே தெரியும் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

லைல் ஹெப்னர் பெரிய ஆள் ஒன்றும் இல்லை. மிச்சிகன் ஏரிக்கரையில், ஷெபாய்கனுக்கு வடக்கே இருக்கும் எங்கள் சிறிய ஊரில் பிறந்து, அங்கேயே பள்ளி முடித்து, வார்ப்பு ஆலையில் மணல் அச்சு தட்டி, ஆலை ஆள் குறைத்தபோது பள்ளிப் பேருந்துகளைப் பழுது பார்க்கும் வேலைக்குப் போனவர். ஏரிக்கரையில் வளர்ந்தும் நீச்சல் தெரியாது. நல்ல உயரம். குனிந்து குனிந்து வாசல்களில் நுழைந்து பழகியதால், வாசலே இல்லாத இடத்திலும் கொஞ்சம் குனிந்தே நடப்பார். குளிர்காலக் காலைகளில் பேருந்து ஹீட்டர் வேலை செய்யாவிட்டால் ஓட்டுநர்கள் அவருடைய வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். கையில் காபியோடு, பைஜாமா மேல் கோட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார்.

குடிப்பார். எங்கள் ஊரில் குடிக்காத ஆண்களை விரல் விட்டு எண்ணலாம். அதனால் அவர் குடிப்பது வெகு நாள் யார் கண்ணையும் உறுத்தவில்லை. ஒரு ஜனவரி மாதம், மகன் வெஸ்லியைப் பள்ளியிலிருந்து கூட்டிக்கொண்டு வரும் வழியில், மூலை மதுக்கடை முன்னால் வண்டியை நிறுத்தினார். அஞ்சு நிமிஷம் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். பையன் பின் இருக்கையில் தூங்கிவிட்டான். மாமாவுக்கு அவன் ஞாபகமே இல்லாமல் போயிற்று. மதுக்கடைக்குப் பனி அள்ள வந்த ஆள்தான் கண்ணாடி வழியாகப் பார்த்து, கதவை உடைத்து, வெஸ்லியைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினார். பையனின் கைவிரல்கள் மெழுகு மாதிரி வெளுத்திருந்தன. விரல்கள் பிழைத்தன. ஆனால் இன்றும் குளிர் வந்தால் அவன் கையைக் கால்சட்டைப் பையிலிருந்து எடுக்க மாட்டான்.

அத்தை மாமாவின் துணிமணிகளை ஒரு கறுப்புக் குப்பைப் பையில் போட்டு வாசலில் வைத்தாள். சத்தம் போடவில்லை. என் அப்பா கோர்டி அவளுடைய அண்ணன். மாமாவைப் போய்ப் பார்த்து அடித்துவிட்டு வந்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். என் தாத்தா குடித்தே செத்தவர். அந்த வீட்டில் வளர்ந்த இருவருக்கும் இது புதிதல்ல.

மாமா அன்றோடு நிறுத்தினார். ஆலைக்குப் பின்னால் ஒரு அறையில் தனியாகத் தங்கி, தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் குடியை விட்டவர்களுக்காக நடக்கும் கூட்டங்களுக்கு வாரம் தவறாமல் போனார். ஒரு வருடம் கழித்து அத்தை அவரைத் திரும்ப வீட்டுக்குள் விட்டாள். விட்ட அன்று நானும் அங்கே இருந்தேன். வாசற்படியில் அவர் அதே கறுப்புப் பையோடு நின்றார்.

“ஒரு வாய்,” என்றாள் அத்தை. “ஒரே ஒரு வாய் உள்ள போச்சுன்னாகூட நான் கேள்வி கேக்க மாட்டேன். சண்டை போட மாட்டேன். பைய எடுத்து வாசல்ல வெச்சுருவேன். அப்புறம் வெஸ்லியையும் பாக்க முடியாது. புரியுதா?”

“புரியுது.”

“சத்தியம் எல்லாம் வேணாம். உள்ள வாங்க.”

அன்றிலிருந்து நான்கு வருடம், அவர் ஒரு வாய் குடிக்கவில்லை. இதில் ஊருக்குப் புரியாத விஷயம் என்னவென்றால், அவர் குடிப்பதைத்தான் விட்டார், பீர் காய்ச்சுவதை விடவில்லை. அப்பாவும் மாமாவும், ஓய்வுபெற்ற தபால்காரர் மெர்லின் பிளீகரும் கல்யாணத்துக்கு முன்பிருந்தே சேர்ந்து காய்ச்சுகிறவர்கள். ஒவ்வொரு தொழிலாளர் தினத்திலும் எங்கள் வீட்டில் கூடி, கரி அடுப்பில் பிராட் எனும் தடித்த பன்றி இறைச்சிக் குழல்களைச் சுட்டுச் சாப்பிட்டு, நவம்பரில் மான் வேட்டை தொடங்கும்போது திறப்பதற்காகக் கறுப்பு பீர் ஒரு அண்டா காய்ச்சுவார்கள்.

“உனக்குக் கஷ்டமா இல்லையா மாமா?” என்று ஒரு முறை நானே கேட்டேன்.

“சர்க்கரை வியாதிக்காரன் பேக்கரி நடத்தறதில்லையா? அந்த மாதிரிதான்,” என்றார். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: “இதையும் விட்டுட்டா, அவனுங்களோட நான் என்னத்தப் பேசறது டெஸ்?”

அவருக்கு ஒரு பச்சை எனாமல் குவளை இருந்தது. முளைகட்டிய பார்லியை வெந்நீரில் ஊற வைத்து வடித்தெடுக்கும் சாறு கொதித்துக்கொண்டிருக்கும்போது, அந்தக் குவளையில் கொஞ்சம் மொண்டு ஊதி ஊதிக் குடித்துப் பார்ப்பார். அது வெறும் தானியச் சாறு. இனிப்பாக இருக்கும், கொஞ்சம் கசக்கும். ஈஸ்ட் போட்டு நாள்கணக்கில் நொதித்தால்தான் அதில் போதை ஏறும். சின்ன வயதில் நானும் வெஸ்லியும்கூட அதைக் குடித்திருக்கிறோம். அத்தைக்கும் தெரியும். அவர் நாக்குக்கு அவள் அனுமதித்தது அது ஒன்றுதான்.

அவர்களுக்குள் ஒரு விதி உண்டு. வெகு காலத்துக்கு முன்னால் மூன்று பேரும் போதையில் இருந்தபோது அண்டா பொங்கி வழிந்து, அடுப்பு பற்றி, மெர்லின் வீட்டுக் கொட்டகையின் ஒரு பக்கம் எரிந்துபோயிற்று. அதற்குப் பிறகு, அண்டா இறங்கும் வரை ஒருவர் குடிக்காமல் அடுப்புப் பக்கத்திலேயே நிற்க வேண்டும். நெருப்புக் காவல் என்று பெயர் வைத்திருந்தார்கள். முன்பெல்லாம் சீட்டுக் குலுக்கிப் போடுவார்கள். தோற்றவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்பார். மாமா குடிப்பதை விட்ட பிறகு சீட்டுக்கே தேவையில்லாமல் போயிற்று. ஒவ்வொரு வருடமும் அவர்தான் நின்றார். முழு நேரமும், கடைசி வரைக்கும்.

போன செப்டம்பரிலும் அப்படித்தான். என் அம்மா மினசோட்டாவில் சித்தி வீட்டுக்குப் போயிருந்தாள். அத்தைக்கு முதியோர் இல்லத்தில் வேலை. மதியத்துக்கு மேல்தான் வருவாள். வெஸ்லி ஒரு நண்பனின் குடும்பத்தோடு முகாம் போயிருந்தான். காலையில் வெயில் அடித்தது. வீட்டின் முன்பக்கம் காரை நிறுத்தும் இடத்தில் கேஸ் அடுப்பை வைத்து அண்டாவை ஏற்றினார்கள். சாறு கொதிக்கத் தொடங்கிய நேரத்தில் ஏரிப் பக்கமிருந்து காற்று திரும்பியது. குளிர்ந்த, சாய்ந்து அடிக்கும் மழை.

“உள்ள தள்ளு, உள்ள தள்ளு!” என்று அப்பா கத்தினார். மூவரும் அடுப்பையும் அண்டாவையும் கராஜுக்குள் இழுத்தார்கள். அப்போதும் மழை உள்ளே வந்தது, காற்றில் அடுப்பு அணைந்தது. அப்பா கராஜின் பெரிய கதவை இடுப்பு உயரத்துக்கு இறக்கினார். மெர்லின் கரி அடுப்பையும் தரதரவென்று உள்ளே இழுத்து வந்தார்.

“அதையுமா?” என்றார் மாமா.

“வெளிய சுட்டா இது பிராட் இல்லடா, சூப்பு,” என்றார் மெர்லின். “நீ உன் அண்டாவப் பாரு, நான் என் கரியப் பாக்கறேன்.”

“புகை நிக்குது. கதவ இன்னும் கொஞ்சம் தூக்கேன் கோர்டி.”

அப்பா தூக்கினார். அடுப்பு அணைந்தது. திட்டிக்கொண்டே மறுபடி இறக்கினார், இந்த முறை முழங்கால் வரைக்கும். “இப்ப சந்தோஷமா? இது என்ன, ஏழெட்டு மணி நேரமா நடக்கப் போகுது? ஹாப்ஸ் பூவப் போட்டு இறக்கினா முடிஞ்சுது.”

பிராட்டுகள் வெந்துகொண்டிருந்தன. அப்பாவும் மெர்லினும் கராஜுக்கும் சமையலறைக்குமாக நடந்துகொண்டே இருந்தார்கள். பீர் குளிர்சாதனப் பெட்டியில் இருந்ததால் அடிக்கடி நடந்தார்கள். நான் ரொட்டியைப் பிளந்து வெண்ணெய் தடவுவதும், வெங்காயம் நறுக்குவதுமாக இருந்தேன். மாமா மட்டும் அண்டாவை விட்டு நகரவில்லை. பொங்கி வரும்போது மரக் கரண்டியால் கிளறுவதும், பச்சைக் குவளையில் மொண்டு பார்ப்பதும், சுவரில் தொங்கிய கடிகாரத்தைப் பார்ப்பதுமாக அங்கேயே நின்றார்.

“எனக்குத் தலைய வலிக்குது,” என்றார் ஒரு தடவை.

மெர்லின் சிரித்தார். “எங்களுக்கும்தான் வலிக்குது. நாங்க குடிச்சோம். உனக்கென்ன கேடு?”

“வயசாகுது அவனுக்கு,” என்றார் அப்பா.

“உன்னவிட ரெண்டு வயசு சின்னவன்டா நான்.”

“அப்ப நடிக்காத. கிளறு.”

எனக்கும் தலை லேசாக வலித்தது. வெங்காயம் என்று நினைத்தேன். இப்போது நினைத்துப் பார்த்தால், அந்த வீட்டில் இருந்த நான்கு பேருக்கும் தலை வலித்தது. இரண்டு பேருக்கு பீர் ஒரு காரணமாக இருந்தது, எனக்கு வெங்காயம். காரணமே இல்லாத தலைவலி ஒருவருக்குத்தான். அதை வைத்துத்தான் கிண்டல் செய்தோம்.

பீருக்குக் கசப்பு ஏற்றும் ஹாப்ஸ் பூவை இரண்டாவது முறை போட வேண்டிய நேரத்தில், மாமா பூப் பையோடு அண்டாவுக்கு வந்தவர் தடுமாறி மேசையில் மோதினார். பை விழுந்து பூ தரையெல்லாம் கொட்டியது. அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு நன்றாக இல்லை. நான் தட்டோடு சமையலறை வாசற்படியில் நின்றிருந்தேன்.

“ரெண்டாவது பூ போட்டாச்சா?” என்றார்.

“இப்பத்தானேடா கீழ கொட்டின,” என்றார் மெர்லின்.

மாமா தரையைப் பார்த்தார். பிறகு மறுபடி, வாய் குழற, “ரெண்டாவது பூ போட்டாச்சா கோர்டி?” என்றார்.

அப்பாவின் முகம் மாறியது. எனக்குத் தெரியாத ஒரு முகம் அது. பீர் டப்பாவைக் கீழே வைத்துவிட்டு மாமாவின் அருகில் போனார்.

“வாயத் தொற.”

“என்ன?”

“வாயத் தொறடா.”

முகர்ந்து பார்த்தார். பார்லிச் சாற்றின் வாசனையும் பூவின் கசப்பு வாசனையும் வந்திருக்கும். வராமல் எப்படி இருக்கும்? காலையிலிருந்து அந்தச் சாற்றைத்தானே ருசி பார்த்துக்கொண்டிருந்தார். பீருக்கும் பீர் ஆகாத சாற்றுக்கும் வித்தியாசம் தெரியாதவர் இல்லை என் அப்பா. எத்தனையோ வருடமாகக் காய்ச்சுகிறார். ஆனால் அவர் மூக்கிலேயே அப்போது பீர்தான் இருந்தது.

“இன்னிக்கா?” என்றார். சத்தம் உயரவில்லை. “என் வீட்லயா? இத்தன வருஷம் கழிச்சு, என் வீட்ல வந்தா?”

“நான் குடிக்கல கோர்டி.”

“எங்கப்பனும் இதேதான் சொல்வான். இதே மாதிரி, கண்ணப் பாக்காம.”

“தலை... எனக்குக் காத்து வேணும். கதவு...”

சொல்லி முடிக்கும் முன் குனிந்து தரையில் வாந்தி எடுத்தார். அதோடு தீர்ப்பு ஆகிவிட்டது. மெர்லின் தலையை ஆட்டிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். அப்பா மாமாவின் தோளைப் பிடித்து, கராஜின் உட்பக்க மூலையில் இருந்த மடக்கு நாற்காலிக்குக் கூட்டிப் போய் உட்கார வைத்தார். முரட்டுத்தனமாக இல்லை. தன் வேலைக் கோட்டை எடுத்து அவர் மேல் போர்த்தினார். வாயைத் துடைத்துவிட்டார்.

“உள்ள சோபால போடலாமே,” என்றார் மெர்லின்.

“ரெனே உள்ள வந்ததும் அதத்தானே மொதல்ல பாப்பா? இங்கயே தூங்கட்டும். தெளியட்டும். அவ வர்றதுக்குள்ள காபி குடுத்து எழுப்பிடலாம். உடம்பு சரியில்லன்னு சொல்லிக்கலாம்.” பிறகு என்னைப் பார்த்தார். “டெஸ், நீ எதையும் பாக்கல.”

“அப்பா, அவரு குடிக்கலன்னு சொல்றாரே?”

“குடிச்சவன் வேற என்ன சொல்வான்?”

தெருவில் ஒரு கார் போயிற்று. எதிர்வீட்டுக்காரர் குடையோடு குப்பைத் தொட்டியை இழுத்து வைத்துக்கொண்டிருந்தார். கதவிடுக்கு வழியாக எதுவும் அவர் கண்ணில் படக்கூடாது என்று அப்பா கராஜ் கதவைத் தரை வரைக்கும் இறக்கினார்.

அதை அவர் கோபத்தில் செய்யவில்லை. தங்கையின் குடும்பம் உடையக்கூடாது என்று செய்தார். இது எனக்குத் தெரியும். அவரைப் பற்றி யார் என்ன சொன்னாலும் நான் இதைச் சொல்வேன்.

சாறு இன்னும் கொஞ்சம் கொதிக்க வேண்டியிருந்தது. பாதியில் நிறுத்தினால் மொத்தமும் வீண். அடுப்பைக் குறைத்து வைத்துவிட்டு, நெருப்புக் காவலை மெர்லின் ஏற்றுக்கொண்டார். ஆனால் பிராட் வெந்துவிட்டது. ஆறினால் நன்றாக இருக்காது. சமையலறையிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம் என்று உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். புகை வருகிறது என்று, கராஜுக்கும் சமையலறைக்கும் இடையிலிருந்த நடுக்கதவையும் யாரோ சாத்தினார்கள். அப்பாவா மெர்லினா என்று இருவருக்குமே ஞாபகம் இல்லை. கரி அடுப்பில் கங்கு இன்னும் சிவந்துதான் இருந்தது. நச்சு வாயு சேர்ந்தால் ஒலிக்கும் அலாரம் எங்கள் வீட்டில் மாடியில், படுக்கையறைப் பக்கம் இருந்தது.

சாப்பிட்டார்கள். ஒரு தட்டில் மாமாவுக்கு இரண்டு பிராட்டை எடுத்து மூடி வைத்தார் அப்பா.

நான் இன்னும் கொஞ்சம் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோதுதான் அத்தையின் போன் வந்தது. மாமாவின் கைப்பேசிக்கு அடித்துப் பார்த்திருக்கிறாள், எடுக்கவில்லை. அதனால் எனக்கு அடித்தாள்.

“மாமா எங்க?”

“தூங்கறாரு அத்தை.”

“தூங்கறாரா? அடுப்பு எரியும்போது அவரு தூங்க மாட்டாரே.”

கத்தியைக் கீழே வைத்தேன். அப்பா எனக்கு எதிரே உட்கார்ந்து, மெல்லுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“டெஸ், சுத்தி வளைக்காம சொல்லு. அவரு குடிச்சிருக்காரா?”

“தெரியல அத்தை,” என்றேன்.

மறுமுனையில் யாரோ ஒரு கிழவி தண்ணீர் கேட்பது காதில் விழுந்தது. “இதோ வரேன்மா,” என்று அத்தை அவளிடம் சொன்னாள். பிறகு என்னிடம், “சரி,” என்றாள். வைத்துவிட்டாள்.

அவள் நேராக எங்கள் வீட்டுக்கு வரவில்லை. தன் வீட்டுக்குப் போனாள். அலமாரியைத் திறந்து மாமாவின் சட்டைகளையும் கால்சட்டைகளையும், அவர் வேட்டைக்குப் போடும் ஆரஞ்சு நிறக் கோட்டையும் ஒரு கறுப்புக் குப்பைப் பையில் போட்டாள். பையைக் காரின் பின் இருக்கையில் வைத்தாள். அதன் பிறகு வந்தாள்.

வந்தவள் ஷூவைக்கூடக் கழற்றவில்லை. “எங்க?”

“ரெனே, கேளு, அவனுக்கு உடம்பு...”

“அண்ணா, நகரு.”

நடுக்கதவைத் திறந்து அவள் உள்ளே போனாள். அவளுக்குப் பின்னால் நான். அண்டா இன்னும் மெல்லக் கொதித்துக்கொண்டிருந்தது. கராஜ் முழுக்க அந்த இனிப்பு வாசனை. மாமா அப்பாவின் கோட்டுக்குள் தலை சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கன்னம் நல்ல சிவப்பாக, பனியில் விளையாடிவிட்டு வந்த பிள்ளையின் கன்னம் மாதிரி இருந்தது. எனக்கு ஒரு நொடி நிம்மதியாகக்கூட இருந்தது.

அத்தைக்கு அப்படி இல்லை. அவள் வேலை செய்யும் இடம் அப்படி. கழுத்தில் விரல் வைத்தாள், கண்ணிமையைத் தூக்கினாள். “கதவத் தொற! கதவத் தொற அண்ணா!” என்று அலறினாள். அப்பா பெரிய கதவைத் தூக்கினார். அத்தையும் அப்பாவுமாக மாமாவை அக்குளில் பிடித்து மழைக்கு இழுத்தார்கள். அத்தை ஈரச் சிமென்டுத் தரையில் மண்டியிட்டு அவர் நெஞ்சை அழுத்தத் தொடங்கினாள். நான் ஆம்புலன்சுக்குப் போன் செய்தேன். பக்கத்தில் அவள் கார் நின்றிருந்தது. பின் கண்ணாடியில் அந்தக் கறுப்புப் பை தெரிந்தது. அப்பாவும் அதைப் பார்த்தார்.

தீயணைப்பு ஆட்கள் கையில் ஒரு சின்னக் கருவியோடு கராஜுக்குள் காலை வைத்ததுமே அது கிறீச்சிட்டது. எங்கள் எல்லோரையும் தெருவுக்குப் போகச் சொன்னார்கள். “உங்கள்ல யாருக்கெல்லாம் தலை வலிக்குது?” என்று ஒருவர் கேட்டார்.

நான் கையைத் தூக்கினேன். அப்பா தூக்கினார். மெர்லினும் தூக்கி, “அது பீர் குடிச்சதால,” என்றார்.

“அவரு?” என்று அந்த ஆள் ஆம்புலன்சைக் காட்டினார்.

அப்பா தூக்கிய கையைக் கீழே இறக்கினார்.

கார்பன் மோனாக்சைடு. நிறம் கிடையாது, மணம் கிடையாது. கேஸ் அடுப்பும் கரியும் மூடிய இடத்தில் எரிந்தால் அது சேர்ந்துகொண்டே போகும். அதை மூச்சோடு இழுத்தவனுக்குத் தலை வலிக்கும், வாந்தி வரும், கால் தடுமாறும், நாக்குக் குழறும், கேட்டதையே திரும்பக் கேட்பான், கடைசியில் கன்னம்கூடச் சிவக்கும். பார்ப்பவர்களுக்குக் குடிகாரன் மாதிரி இருக்கும். நாங்கள் உள்ளே வெளியே நடந்துகொண்டிருந்தோம், தப்பித்தோம். அண்டாவை விட்டு நகராமல் நின்றவர் அவர் ஒருவர்தான். குடிக்காதவர்தானே நிற்க வேண்டும்.

மறுநாள் காலை மருத்துவமனையில் மாமா இறந்தார். நினைவு திரும்பவே இல்லை. மருத்துவர் ஒரு இளம் பெண். அத்தையைத் தனியாக உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னாள். அத்தை கேட்டது ஒன்றுதான்.

“ரத்தத்துல ஆல்கஹால் இருந்துச்சா?”

“இல்ல.”

“கொஞ்சம்கூடவா?”

“சுத்தமா இல்லம்மா.”

“இன்னொரு தடவ சொல்லுங்க,” என்றாள் அத்தை. “இவருக்குக் கேக்கற மாதிரி சொல்லுங்க.” பின்னால் சுவரோரம் நின்றிருந்த அப்பாவைக் கை காட்டினாள். மருத்துவர் இன்னொரு தடவை சொன்னாள். 

அடக்கம் முடிந்து தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் எல்லோரும் ஹாம் வைத்த ரொட்டி சாப்பிட்டார்கள். அதே தளத்தில்தான் மாமா வாரா வாரம் கூட்டத்துக்கு வந்து உட்காருவார். காபிப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“நல்லாத்தான் இருந்தாராம், பாவம். மறுபடி ஆரம்பிச்சுட்டாராம்.”

“பீர் காய்ச்சற எடத்துல போய் நின்னா வேற என்ன ஆகும்?”

நான் திரும்பி, “அவரு குடிக்கல,” என்றேன். அவர்கள் என் கையைப் பிடித்து அன்பாகத் தட்டிக்கொடுத்தார்கள். நம்பவில்லை. குடிகாரன் குடித்து இறந்தான் என்பது சொல்வதற்கு எளிய கதை. கேட்கிறவர்களுக்கும் பயமில்லாத கதை. இப்படியெல்லாம் தங்களுக்கு நடக்காது என்று எழுந்து போய்விடலாம். ஊரில் பாதிப் பேர் வீட்டுக் கராஜில் அதே அடுப்பு இருக்கிறது.

அத்தை அந்தக் கறுப்புப் பையைப் பல நாள் காரிலேயே வைத்திருந்தாள். பிறகு ஒரு நாள் எடுத்து, சட்டைகளை ஒவ்வொன்றாகத் தேய்த்து அலமாரியில் திரும்ப மாட்டினாள். நான் உதவிக்குப் போனேன், தொட விடவில்லை. என்னிடம் அவள் எதுவும் கேட்கவில்லை. அன்று நான் சொன்ன பதிலைப் பற்றியும் பேசவில்லை.

அப்பாவோடு அவள் பேசுவதில்லை. அப்பா சனிக்கிழமைதோறும் போய் அவள் வீட்டுப் புல்லை வெட்டுகிறார், பனிக்காலத்தில் பாதையைச் சுத்தம் செய்தார். அவள் திரைச்சீலைக்குப் பின்னால் நிற்பாள், வெளியே வரமாட்டாள். அண்டாவில் இருந்த சாறு கேட்பாரற்றுப் புளித்து நுரைத்துக் கிடந்தது. அப்பா அதைப் பல நாள் தொடாமல் இருந்துவிட்டு, ஒரு காலையில் தனியாகப் பின்பக்கம் கொண்டுபோய்க் கொட்டினார். அந்த இடத்தில் மண் வெகு நாள் இனிப்பாக நாறியது. பச்சைக் குவளை எங்கள் கராஜ் அலமாரியில்தான் இருக்கிறது. யாரும் எடுப்பதில்லை.

மான் வேட்டை தொடங்குவதற்கு முந்தைய மாலை, மதுக்கடையில் யாரோ மாமாவின் பெயரைச் சொல்லிக் கோப்பையைத் தூக்கினார்களாம். “பாவம், கடைசில அவனால முடியல” என்றார்களாம். அப்பா எழுந்து, “அவன் குடிக்கல. கதவ மூடினது நான்,” என்றாராம். மெர்லின்தான் என்னிடம் சொன்னார்.  அப்புறம் யாரோ வானிலையைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். அப்பாவுக்கு ஒரு பீர் வாங்கிக் கொடுத்தார்கள். அவர் அதைக் குடித்தார்.

இந்த ஜூனில் நான் பள்ளி முடித்தேன். இப்போது பாலாடைக்கட்டி ஆலையில் பொட்டலம் கட்டுகிறேன். பனி விழுவதற்குள் இந்த ஊரை விட்டுப் போக வேண்டும் என்று இருக்கிறேன். போன வாரம் வெஸ்லியைப் பேஸ்பால் பயிற்சிக்குக் காரில் கூட்டிப் போனேன். அவனுக்குப் பதினோரு வயது. பாதி வழி வரைக்கும் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தவன், கையைப் பையிலிருந்து எடுக்காமலே கேட்டான்.

“டெஸ், பஸ்ல ஒரு பையன் சொல்றான். எங்கப்பா குடிச்சு செத்தாராம். நெசமாவா?”

வண்டியை ஓரம் கட்டினேன்.

“இல்ல,” என்றேன். “ஒரு வாய்கூட இல்ல.”

“உனக்கு நிச்சயமா தெரியுமா?”

“தெரியும்டா.”

அவன் என் பக்கம் திரும்பினான். “அப்ப நீ அத அவன்கிட்ட சொல்லு,” என்றான். “நான் சொன்னா நம்ப மாட்டேங்கறான்.”

அந்தப் பையன் யார் என்று எனக்குத் தெரியாது. அவனுக்கு யார் சொன்னார்கள், அவர்களுக்கு யார் சொன்னார்கள் என்றும் தெரியாது. அவர்கள் எல்லோர் வீட்டுக்கும் என்னால் போக முடியாது. அதனால் இதைப் படிக்கிற உங்களைக் கேட்கிறேன். அடுத்த விடுமுறைக்கு நண்பர்கள் கூடி அடுப்பு மூட்டும்போது, மழை வந்து யாராவது “உள்ள தள்ளு” என்று சொல்லும்போது, இந்தக் கதையை அவர்களுக்குச் சொல்லுங்கள். பெயரோடு சொல்லுங்கள். லைல் ஹெப்னர். குடிக்கவில்லை. கதவைத் திறக்கச் சொன்னார்.